பாரதக் கூத்துக்குப் பிடித்த செட்டு: ஆட்டத்துக்கு முழு மார்க், கோமாளிக்குப் பாஸ் மார்க் கூட இல்லை

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு, அதாவது மகாபாரதக் கதையை ராத்திரி ராத்திரியாகக் கூத்தாடுகிற திருவிழாவுக்கு, இந்த வருஷம் புதிதாக ஒரு கூத்து செட்டு, அதாவது ஆட்டக் குழு, பிடித்தோம். மிக்சிக்கும் பிரியாணிக் கடைக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள், லட்சக்கணக்கில் ஊர்ப்பணம் போகிற கூத்துக்கு மட்டும் யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. அடுத்த ஊர்க்காரன் செட்டு பிடிக்கப் போகும்போது யாரைக் கேட்பான்? டீக்கடையில் ரெண்டு பேரைக் கேட்பான். அந்த ரெண்டு பேரும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கே போய்ப் படுத்தவர்களாக இருப்பார்கள். விடியும் வரை உட்கார்ந்து பார்த்தவன் என்ற தகுதியில் நான் எழுதுகிறேன்.

செட்டின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், மாசியில் ஆரம்பித்து ஆடி வரை ஆடினால்தான் அவர்களுக்கு வருஷச் சாப்பாடு, அதில் மண்ணைப் போட எனக்கு மனசில்லை. பென்னாகரம் பக்கத்து செட்டு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் செட்டுக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் பழைய ஆள். என் மச்சான் மகன் பூமர் என்பான், சரி, இருக்கட்டும். கூத்தாடுகிற கோயில் களரியில் கட்சிப் பேச்சு கூடாது, நடிகர் நடிகை வீட்டுச் சண்டை செய்தியே இல்லை, கூத்து நடுவில் சினிமாப் பாட்டு வந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்று நினைக்கிற கட்சி. கூத்து மேலும் நாடகத்தின் மேலும் எனக்கு இருக்கிற பைத்தியம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அதனால் இந்த விமர்சனத்தில் நடுநிலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

வெற்றிலை பாக்கு பழத்தோடு போய் செட்டை நடத்துகிற வாத்தியாரைப் பார்த்து, 5,001 அட்வான்ஸ் வைத்து, தேதி குறித்தோம். ராத்திரிக்கு 30,000-க்குக் கொஞ்சம் மேலே. வேன் வாடகை தனி. ஆள் எத்தனை பேர் வருவார்கள், முகவீணை என்கிற குட்டி நாயனம் உண்டா, பெண் வேஷம் யார் கட்டுகிறார்கள், எல்லாம் கேட்டோம். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில், சொன்ன ஆட்களோடு வந்து இறங்கினார்கள். இது பெரிய விஷயம். வேறொரு செட்டு, பெயர் வேண்டாம், ஒரு வருஷம் ஒரே ராத்திரிக்கு ரெண்டு ஊருக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு, எங்களுக்குப் பாதி ஆளும் அந்த ஊருக்குப் பாதி ஆளுமாக அனுப்பியது. அன்றைக்குத் துரியோதனனும் தர்மரும் ஒரே ஆள்தான் கட்டினார், சூதாட்டம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் இவர்கள் ஒரு சொல் முணுமுணுக்கவில்லை. காப்பு கட்டிய ஊர், கறி கிடையாது, களியும் கீரைக் குழம்பும், நடு ராத்திரிக்கு சுக்குக் காபி. அதையே ருசித்துச் சாப்பிட்டார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் வாசித்துப் பொருள் சொல்லும்போது பந்தலில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் வாத்தியார். மத்தியானம் பிரசங்கத்தில் வந்த இடத்தைத்தானே ராத்திரி ஆட வேண்டும், எங்கே பிரசங்கியார் நிறுத்தினார் என்று தெரிந்துகொண்டு அங்கிருந்து பிடித்தார். பகலையும் ராத்திரியையும் இப்படி ஒட்ட வைக்கிற வாத்தியார் இப்போதெல்லாம் அபூர்வம்.

இனி ஆட்டம். அரிதாரம் பூச மாலையே உட்கார்ந்துவிட்டார்கள். மரச் சாமான் கட்டி ஆடுகிற கட்டை வேஷக்காரர்களுக்கு முகம் எழுதவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்புறம் புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கிரீடம் என்று ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டுகிறார்கள். பிளாஸ்டிக் சாமான் இல்லை, முருக்க மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த பழைய சாமான், அதன் பளபளப்பே தனி. பத்தரை மணிக்குக் களரி கட்டி, பிள்ளையார் பாட்டு பாடி, திரையைப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் துரியோதனன் நின்று தன் விருத்தத்தைப் பாட ஆரம்பித்ததும் முன்வரிசையில் தூங்கிய குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தன. ஆர்மோனியக்காரர் சுருதியை விட்டு நகரவே இல்லை, மிருதங்கக்காரர் ஆட்டக்காரனின் காலைப் பார்த்து அடிக்கிறாரே தவிர கூட்டத்தைப் பார்த்து அடிப்பதில்லை. முகவீணை வாசித்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்தச் சத்தம் வயிற்றுக்குள் இறங்குகிறது, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பாஞ்சாலி வேஷம் கட்டியவர் ஆண்தான். பெண் வேஷத்தைப் பெண்களே கட்ட வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள், நல்ல பெண் கலைஞர்கள் வந்தால் வரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் இவரைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். வஸ்திராபரணம் அன்றைக்குத் துச்சாதனன் வேஷக்காரர் முந்தானையைத் தொடுவதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்தினார், அம்மன் இருந்த திசை பார்த்துச் சூடம் கொளுத்தி, விழுந்து கும்பிட்டு, தாயே இது வேஷம், என்னை மன்னித்துவிடு என்று கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் சேலையில் கை வைத்தார். ஊரே கோவிந்தா கோவிந்தா என்று கத்துகிறது. பாஞ்சாலி சபையைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இருக்கிறதே, என் புருஷன் தன்னைத் தோற்ற பிறகு என்னைத் தோற்றாரா, என்னைத் தோற்ற பிறகு தன்னைத் தோற்றாரா, அதை இவர் கத்தவே இல்லை. தொண்டையைத் தாழ்த்திக் கேட்டார். பீஷ்மர் தலை குனிந்தது வேஷத்துக்காகவா நிஜமாகவா என்று தெரியவில்லை. இதற்கு மட்டும் தனியாக 30,000 கொடுக்கலாம்.

இப்போது கோமாளிக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கட்டியங்காரன் என்கிற இந்தக் கோமாளி இல்லாமல் கூத்து இல்லை. ராஜா வருகிறார் என்று கட்டியம் சொல்கிறவனும் அவன், அந்த ராஜாவையே நிறுத்தி யாருய்யா நீ என்று கேட்கிறவனும் அவன், காவல்காரன், சேவகன், குறவன், தூதன் எல்லாமும் அவனே. சிரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கோமாளி திறமைசாலி என்பதிலும் சந்தேகம் இல்லை. முதல் ராத்திரி துரியோதனன் திரை விலக்கி வந்ததும்,

"யாருய்யா நீ?"

"அஸ்தினாபுரத்து மகாராஜா துரியோதனன் வந்திருக்கிறேனடா!"

"ஆதார் இருக்குதா?"

"மகாராஜாவுக்கு எதற்கடா ஆதார்?"

"அப்ப கைரேகை வை. விழலைன்னா அடுத்த மாசம் வா, அரிசி இல்ல."

ரேஷன் கடையில் கட்டை விரலைத் தேய்த்துத் தேய்த்து நின்ற கிழவிகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான். சகுனி பகடையை எடுத்தபோது, "மாமா, இது பாயில உக்காந்து ஆடறதா, போன்ல ஆடறதா?" என்று கேட்டானே, அது அதைவிட ஒரு படி மேலே. ஆன்லைன் ரம்மியில் நிலத்தை விற்றவன் கதை இந்தப் பக்கம் எந்த ஊரில் இல்லை. 2022-ல் மாநில அரசு தடைச் சட்டம் போட்டது, 2023-ல் உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கருக்கு அது செல்லாது என்றது, 2025-ல் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கே தடைச் சட்டம் கொண்டுவந்தது. இத்தனை நடக்கும்போதும் அந்த விளம்பரத்தில் வந்து வாங்க விளையாடலாம் என்று சிரித்தவர்கள் யார்? நாம் யாருக்குக் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றுகிறோமோ அந்த நட்சத்திரங்கள்தான். அதையெல்லாம் கோமாளி ஒரே வரியில் சகுனி கையிலேயே வைத்துவிட்டான். கதைக்குள் நின்றுகொண்டு இன்றைய சங்கதியைக் குத்துவது என்றால் இதுதான். இப்படியே போயிருந்தால் அவனுக்கும் முழு மார்க் போட்டிருப்பேன்.

போகவில்லை. வஸ்திராபரணம் முடிந்து, பாஞ்சாலி கூந்தலை விரித்து, துரியோதனன் ரத்தம் பூசாமல் முடிய மாட்டேன் என்று சபதம் போட்டு உள்ளே போனாள். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வேஷம் கட்டி வர நேரம் வேண்டும், அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது கோமாளி. வந்தவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு சினிமா நடிகையின் விவாகரத்தை எடுத்துக்கொண்டான். யாரோடு பேசினாள், யாரோடு எங்கே போனாள், புருஷன் ஏன் விட்டான், ஜீவனாம்சம் எவ்வளவு என்று கால் மணி நேரம். யூட்யூபில் எவனோ பேசியதை அப்படியே மனப்பாடம் பண்ணி வந்து கொட்டினான். பையன்கள் விசில் அடித்தார்கள். கொஞ்சம் முன்னால் கோவிந்தா போட்ட அதே வாய்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதுதானே ஒரு பெண்ணைத் தலைமயிரைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்ததற்காக அழுதோம்? சேலையைத் தொட ஒருவன் சூடம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டானே, அதே களரியில், அதே மண்ணில், நமக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத இன்னொரு பெண்ணின் குடும்பத்தை நடு ராத்திரியில் இழுத்து வந்து நிறுத்தி நாமே சிரிப்பதா? அந்தச் சபையில் பெரியவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் பாரதத்தில் குற்றம். துரியோதனன் தம்பி விகர்ணன் ஒருவன்தான் எழுந்து இது தர்மமா என்று கேட்டான். எங்கள் ஊர்ச் சபையில் எழுந்து கேட்டது கோயிலுக்குப் பூக்கட்டும் பாட்டி. "ஏண்டா டேய், அந்தப் பொண்ணு உன் ஊட்டுக்கு வந்து என்னடா பண்ணா? உன் அக்கா தங்கச்சி கதையச் சொல்லேன் கேக்கறோம்" என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், மிருதங்கம் ஓய்ந்துவிட்டது. கோமாளி கும்பிடு போட்டுச் சமாளித்து வேறு பக்கம் போனான். தர்மகர்த்தா, நாட்டாமை, வார்டு மெம்பர், நான் உட்பட ஆம்பளைகள் எல்லாம் பீஷ்மர் மாதிரி உட்கார்ந்திருந்தோம், அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிரபலமானவர்கள் என்றால் அப்படித்தான், விளம்பரம் தேடுகிறவர்கள்தானே, பேசினால் என்ன என்று கேட்பார்கள். அவர்கள் நடிப்பைப் பேசு. குரல் சரியில்லை என்று சொல், முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை என்று சொல், படம் ஓடாது என்று சொல், டிக்கெட் காசு கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. படுக்கையறை வாசல் வரை போகிற உரிமையை எந்த டிக்கெட்டும் கொடுப்பதில்லை.

அரசியல் பக்கம் இன்னும் மோசம். களரியில் 500 ரூபாய் அன்பளிப்பு கொடுத்தால் கோமாளி பெயரை மைக்கில் சொல்வான், அது பழைய வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். இங்கே என்ன நடந்தது என்றால், ஒரு கட்சிக் கிளைச் செயலாளர் 500 கொடுத்தார், கோமாளி அவர் தலைவரை வானளாவப் புகழ்ந்து எதிர்க்கட்சித் தலைவரை நக்கல் அடித்தான். அரை மணி நேரத்தில் அடுத்த கட்சிக்காரர் 1,000 எடுத்து நீட்டினார், இப்போது நக்கல் அப்படியே திரும்பியது. ஏலம்தான். கடைசியில் கர்ண மோட்சத்தின்போது, கர்ணன் அம்பு பட்டுக் கிடந்து தன் புண்ணியத்தையெல்லாம் கண்ணனுக்குத் தாரை வார்க்கிற கட்டத்தில், ஒன்றியப் பொறுப்பாளர் ஒருவர் பொன்னாடையோடு களரிக்குள் வந்துவிட்டார். பாவம் கர்ணன், சாகிறவன் எழுந்து உட்கார்ந்து, பொன்னாடை வாங்கி, போட்டோவுக்கு நின்று, திரும்பப் படுத்துச் செத்தான்.

மேடையில் அரசியல் இன்றைக்கு நேற்றா வந்தது என்று எங்கள் ஊர் வாலிபர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். வந்தது, எனக்கும் தெரியும். நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடினார். அதற்காகத் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார், கடைசியில் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிரை விட்டார். எம்.ஆர்.ராதாவின் கொள்கை எனக்குக் கொஞ்சமும் ஆகாது, ராமாயணத்தை அவர் கையாண்ட விதம் எனக்கு இன்றைக்கும் கசப்புதான். ஆனால் 1954-ல் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தபோதும் மனுஷன் ஆடுவதை நிறுத்தவில்லை, பிடித்துக்கொண்டு போனால் போனார். சோ 1968-ல் முகமது பின் துக்ளக் நாடகத்தை மேடைக்குக் கொண்டுவந்து ஆட்சியில் இருந்தவர்களையும் ஓட்டுப் போட்டவர்களையும் சேர்த்தே கிண்டல் பண்ணினார். இவர்களில் யார் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு பேசினார்கள்? கைக்காசையும் உடம்பையும் வைத்துப் பேசினால் அது அரசியல். அன்பளிப்பைப் பார்த்து நாக்கு புரண்டால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது, கோயில் சம்பந்தப்பட்ட எழுத்தில் அதைப் போட வேண்டாம்.

கூத்து பார்க்கிற சனத்துக்கு வேஷம் வேறு ஆள் வேறு என்பது நன்றாகத் தெரியும் என்பது என் நம்பிக்கை. ராத்திரி கர்ணனுக்குச் சூடம் காட்டிக் கும்பிடுகிறோம், காலையில் அதே ஆள் முகம் கழுவிவிட்டுக் குழாயடியில் பல் விளக்குகிறார், என்னண்ணா தூக்கம் வரலையா என்று கேட்டுவிட்டுப் போகிறோம். அவரைப் பிடித்து எம்.எல்.ஏ. ஆக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சினிமாவில் அந்த அரிதாரத்தைக் கழுவுவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அங்கேதான் வினை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள், தொழில் பக்தியில் ரெண்டு பேருக்கும் கோயில் கட்டலாம். ஒருவர் 1977-ல் முதலமைச்சர் ஆனார், இன்னொருவர் 1988-ல் தனிக்கட்சி தொடங்கி 1989-ல் திருவையாறில் தோற்றார். நடிப்பை வைத்து ஓட்டுப் போடுவதானால் முடிவு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்!

நம்ம மாவட்டக் கதையையே எடுங்கள். பர்கூரில் 1991-ல் ஜெயலலிதா நின்றார், எதிரே டி.ராஜேந்தர். இப்போது பர்கூர் கிருஷ்ணகிரி மாவட்டம், 2004-ல் பிரித்தார்கள், அன்றைக்கு நம்ம தர்மபுரிதான். சினிமாவில் இருந்து வந்த ரெண்டு பேர் நேருக்கு நேர், ஊர் ஊராகத் திருவிழா. ஜெயலலிதா ஜெயித்து முதலமைச்சர் ஆனார். ஐந்தே வருஷம், 1996-ல் அதே பர்கூர், அதே ஜெயலலிதா, முதலமைச்சராக இருந்தபடியே தோற்றார். இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், 2024-ல் விஜய் கட்சி தொடங்கியதில் இருந்து எங்கள் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை, நடிகன் வந்தால் நாடு உருப்படுமா, உருப்படாதா என்று கை கலப்பு வரை போகிறது. எந்த நடிகரையும் வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரட்டும். ரேஷன் கடையில் ஏன் கைரேகை விழவில்லை என்று எங்கள் கோமாளி கேட்கிற அளவுக்காவது கேட்கட்டும். ராஜாஜி ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர், சினிமா மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, ஆனால் மகாபாரதத்தைத் தமிழில் எழுதி வீட்டுக்கு வீடு சேர்த்தவர். 1937-ல் மதுவிலக்கை முதன்முதலில் எந்த மாவட்டத்தில் கொண்டுவந்தார்? சேலம் மாவட்டத்தில், அதாவது நாம் இருக்கிற இந்த மண்ணும் அதில் அடக்கம். இன்றைக்குப் படுகளத்து மண்ணில், துரியோதனன் சாகிற கட்டத்தை ஆடிய இடத்தில், காலி பாட்டில் பொறுக்கியபோது அதுதான் நினைவுக்கு வந்தது. சரி, இது செட்டின் குற்றம் இல்லை, ஊரின் குற்றம்.

செய்தி பார்க்கிற லட்சணத்தையும் ஒரு வரி. 2025-ல் பத்ம விருது அறிவித்தார்கள். நடிகர் அஜித்குமாருக்குப் பத்மபூஷண் என்று எங்கள் ஊர்ப் பையன்கள் பட்டாசு வெடித்தார்கள், சந்தோஷம், வெடிக்கட்டும். அதே பட்டியலில் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ இருந்தது. தெருக்கூத்துக்காக. பரம்பரையாகக் கூத்தாடுகிற குடும்பத்துக்கு டெல்லியில் இருந்து விருது வருகிறது, வருஷா வருஷம் கூத்து வைக்கிற ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எங்கள் செட்டு வாத்தியாரிடம் கேட்டேன், அவருக்குத் தெரிந்திருந்தது. "புரிசைக்காரங்களுக்குக் கொடுத்தது எங்க எல்லாருக்கும் கொடுத்த மாதிரிண்ணா" என்றார். அந்த நடிகையின் ஜீவனாம்சத் தொகையை மனப்பாடமாக ஒப்பித்த கோமாளிக்கு இந்தச் செய்தி தெரியாது, அதையும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மற்றபடி மீதி ராத்திரிகளில் குறை சொல்ல இடமில்லை. பீமன் மாட்டு வண்டியில் ஊரைச் சுற்றி வந்து பகாசூரன் சோறு வாங்கிய பகலில் குழந்தைகள் வண்டியை விடவே இல்லை. அர்ச்சுனன் தபசு ரொம்ப நன்றாக இருந்தது. அவ்வளவு உயரமான தபசு மரத்தில், ஒரு படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் நின்று விபூதியும் எலுமிச்சம் பழமும் வீசினார். கீழே ஈரத் துணியோடு குழந்தை வரம் கேட்டுப் படுத்திருந்த பெண்கள் பக்கம் குறி தப்பாமல் விழுந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னோம், மாட்டேன் என்றார். அது பக்தியாகவே இருக்கட்டும், அடுத்த முறை கட்டாயம் கட்ட வைக்க வேண்டும், பழமை பேசுகிறவன் என்பதற்காக ஆளைக் கீழே விட முடியாது. கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் வாதாடுகிற இடத்தை மட்டும் பொன்னாடைக்காரர்கள் கெடுக்காமல் விட்டார்கள், அதற்கு நன்றி. படுகளத்தில் கிடந்த மண் துரியோதனனை எங்கள் ஊர்க் குயவர் செய்திருந்தார், பீமன் தொடையில் அடித்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிந்ததும் சாயங்காலம் தீமிதியும் கண் நிறைந்தது.

ஒலிபெருக்கி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் ரெண்டு ராத்திரி ஆளுக்கு ஒரு காலர் மைக் மாட்டினார்கள், மூச்சு விடுகிற சத்தமெல்லாம் பாலக்கோடு வரை கேட்டது, முகவீணை காணாமல் போய்விட்டது. எடுத்துவிட்டு நடுவில் ஒரே ஒரு மைக்கைத் தொங்க விடச் சொன்னோம், அப்புறம் ஆட்டம் தானாகக் கூடி வந்தது. கலர் கலராகச் சுழலும் லைட்டையும் அணைக்கச் சொன்னோம், அதற்கு மட்டும் வாலிபர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ரெண்டு இடத்தில் சினிமா மெட்டில் பாட்டு வந்தது. நான் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

கடைசி நாள் கணக்கு முடிக்கும்போது வாத்தியாரிடம் கோமாளி விஷயத்தை எடுத்தேன்.

"வாத்தியாரே, ஆட்டத்துல ஒரு குறை சொல்ல முடியாது. அந்த நடிகை கதை மட்டும் எதுக்கு?"

"எனக்கும் புடிக்கலைங்கண்ணா. ஆனா அது சொல்லலைன்னா பசங்க எழுந்து போயிடறாங்க. கூட்டம் இல்லைன்னா அடுத்த வருசம் எங்களுக்கு வெத்தலை வெக்க மாட்டீங்க."

"அந்தக் கைரேகைக்கு எழுந்து போனாங்களா? சகுனி ரம்மிக்கு எழுந்து போனாங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "அந்த மாதிரி தினமும் கட்டணும்னா ஒக்காந்து யோசிக்கணும்ணா. அவன் பகல்ல பெங்களூர் ரோட்ல ஓட்டல் வேலைக்குப் போறான். போன்ல வர்றதச் சொல்றது சுலுவு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு ராத்திரிக்கு அவன் பங்குக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கோபம் பாதி இறங்கிவிடுகிறது. மீதிப் பாதி இறங்கவில்லை, இறங்க வேண்டிய அவசியமும் இல்லை.

செட்டு பிடிக்கப் போகிறவர்களுக்கு: வெற்றிலை வைக்கும்போதே பேசிவிடுங்கள். அன்பளிப்புப் பெயர்களை மொத்தமாகச் சேர்த்து ஆட்டம் தொடங்கும் முன்னாலும் விடிகாலை மங்களத்துக்கு முன்னாலும் படிக்கலாம், நடுவில் கூடாது. பெயரோடு கட்சிப் பதவி சேர்க்கக் கூடாது, இன்னார் மகன் இன்னார் போதும். களரிக்குள் செருப்போடும் பொன்னாடையோடும் யாரும் நுழையக் கூடாது, இதைச் செட்டிடம் சொல்வதைவிட உங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் சொல்வதுதான் கஷ்டம். முகவீணை வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள், கேட்காவிட்டால் கீபோர்டோடு வந்து நிற்பார்கள். கோமாளிக்குத் தனியாக ஒரு தொகை பேசி, உள்ளூர் விவகாரத்தை நாலு நாள் முன்னாடியே வந்து கேட்டுக்கொண்டு போகச் சொன்னால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை. ரேஷன் கடை, உடைந்த தண்ணீர்த் தொட்டி, மாங்காய்க்கு விலை கிடைக்காதது என்று சங்கதிக்கா பஞ்சம்?

அடுத்த வருஷமும் இதே செட்டுதான் என்று நான் கை தூக்குவேன். ஊரில் பாதிப் பேருக்குக் கோமாளியின் நடிகை கதைதான் பிடித்திருந்தது என்று இப்போதே பேச்சு வருகிறது, பூக்கட்டும் பாட்டி என் பக்கம். ஆடியில் ஊர்க் கூட்டம் போடுகிறார்கள், அங்கே பேசிக்கொள்கிறோம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் நல்ல கோமாளி இருக்கிற செட்டு யாருக்காவது தெரிந்தால் அதற்குள் சொல்லுங்கள்.